கைரேகை மிஷின் இருக்கும்போது கையெழுத்து எதற்கு?

வணக்கம் அய்யா,

எங்கள் ஊராட்சியில் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. 20 பேரைப் பதிவு செய்தோம். எல்லோரும் பெண்கள், 35 வயதிலிருந்து 65 வரை. தொடக்கப்பள்ளியில் சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு. இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள், சில நாள் ஐந்து. உயிரெழுத்து, மெய்யெழுத்து முடித்து உயிர்மெய்யில் ககர வரிசையில் நிற்கிறோம். இன்னும் ஒருவராலும் பஸ் போர்டைக்கூடப் படிக்க முடியவில்லை.

கடைசித் தேர்வில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் எடுத்தாலே "எழுத்தறிவு பெற்றவர்" சான்றிதழ் கொடுத்துவிடுவார்களாம். அப்படியென்றால் எல்லாம் கணக்குக் காட்டத்தானா? அறிவொளி இயக்கக் காலத்தில் என் அம்மா படித்தார். பத்து வருஷத்தில் எல்லாம் மறந்துபோய், இப்போது பெயர் மட்டும் எழுதுவார். இதுவும் அப்படித்தான் முடியுமா?

போன வாரம் ஒரு பாட்டி கேட்டார்: "ரேஷன் கடையில கைரேகை, பேங்க் பணத்துக்குக் கைரேகை. எல்லாத்துக்கும் மிஷின் இருக்கு. நான் எதுக்குத் தாயி கையெழுத்துப் போடக் கத்துக்கணும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ம.
திண்டுக்கல் மாவட்டம்

*

அன்புள்ள ம.,

முதலில் எழுத்து வரிசையை எடுத்துக்கொள்கிறேன். ஆள் குறைவதில் பாதி அதனால்தான்.

மூன்று மாதத்தில் ககர வரிசையில் நிற்கிறீர்கள் என்றால் கோளாறு அந்தப் பெண்களிடம் இல்லை, நீங்கள் போகிற வழியில் இருக்கிறது. அ முதல் ஔ வரை, க் முதல் ன் வரை, பிறகு க, கா, கி, கீ என்று போவது, முன்னால் பல வருஷப் பள்ளிக்கூடம் காத்திருக்கிற ஐந்து வயதுக் குழந்தைக்கான வழி. வயதுவந்தவருக்குத் திட்டப்படி உங்களிடம் இருப்பது மொத்தம் 200 மணி நேரம். நாள் முழுக்கக் களையெடுத்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல் கையில் வரவேண்டும். வராவிட்டால் அவர் நின்றுவிடுவார், நிற்பதில் நியாயமும் உண்டு.

247 என்ற எண்ணைச் சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள். கண்ணுக்குப் புதிதாகப் பழக வேண்டிய வடிவங்கள் அதில் கால்வாசியை ஒட்டித்தான் வரும். உயிர் 12, மெய்க்கு அடிப்படையான உருவம் 18, ஆய்தம் ஒன்று. பிறகு புள்ளி (க்), துணைக்கால் (கா), மேல்விலங்கு (கி), அதன் சுழி (கீ), ஒற்றைக்கொம்பு (கெ), இரட்டைக்கொம்பு (கே), ஐகாரக்கொம்பு (கை). ஒகர ஓகாரங்கள் இவற்றின் சேர்க்கைதான். ஔகார வரிசையை ஒதுக்கிவிடலாம். பௌர்ணமி, மௌனம், கௌரி என்று சொல்லாக வரும்போது காட்டினால் போதும். ங வரிசையில் ங் ஒன்றே போதும்.

உண்மையான சிக்கல் உகர ஊகாரத்தில். அங்கே குறியீடு தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டி உருவத்தையே மாற்றிவிடுகிறது. 18 எழுத்தையும் வரிசையாக எழுதச் சொன்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 36 படங்களாகத்தான் தெரியும். அவற்றைக் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பு, சு, வு, யு ஆகியவை கீழே கோடு இறங்குபவை. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைந்து சுற்றுபவை. து, நு, ணு, லு, று, னு ஆகியவை கீழே போய் மேலே ஏறுபவை. மூன்றாம் குடும்பம் முழுக்க ஊகாரத்தில் துணைக்கால் போன்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்: தூ, நூ, லூ. கூவும் சூவும் மட்டும் தனிப்போக்கு. ஒரு குடும்பத்துக்கு இரண்டு வகுப்பு என்று வைத்தால் மொத்தமும் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? ட, ப, ம. நேர்கோடும் மூலையுமான உருவங்கள். பேனா பிடித்துப் பழகாத கைக்குச் சுழி கடினம், கோடு எளிது. அ, இ, ஐ மூன்றும் சுழி மேல் சுழி என்பதால் முதல் நாள் அ எழுதச் சொல்வது கையை முறிப்பது மாதிரி. ட, ப, ம மூன்றோடு புள்ளியும் துணைக்காலும் சேர்த்தால் படம், பாடம், பட்டம், மாடம், பட்டா வந்துவிடும். பட்டா என்ற சொல்லுக்கு அந்த வகுப்பில் யாரும் அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்விலங்கு சேர்ந்ததும் பாட்டி, மாடி, பிடி. க, ண, ன, வ வந்ததும் பணம், கடன், வட்டி. னு வந்த அன்றைக்கு மனு. உயிரெழுத்துகளைச் சொல்லின் முதலில் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள்.

கொம்பு வரும் இடத்தில் நிதானம் தேவை. "கெ" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. "கொ"வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழகியவர் கொம்பைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடுவார். கொம்பைத் தனியாகக் காட்டாதீர்கள். கெ, பெ, மெ என்று முழு அட்டையாக எழுதி, முழு ஒலியாகவே பழக்குங்கள். ர என்பதையும் துணைக்காலையும் குழப்புவது இன்னொரு வழக்கமான இடம். "கார்" என்பதைச் சேர்த்து எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். உங்கள் கரும்பலகை எழுத்தில் ரகரத்தின் கீழ்க்கோடு சாய்வாக, தெளிவாக இருக்கட்டும்.

ல, ள, ழ, அல்லது ந, ண, ன பிழையை முதல் ஆறு மாதம் திருத்தவே வேண்டாம். "பள்ளி" என்பதைப் "பல்லி" என்று எழுதியவர் எழுதத் தொடங்கிவிட்டார். சிவப்பு மையால் வட்டம் போட்டால் அடுத்த நாள் நோட்டைக் கொண்டுவர மாட்டார்.

பேச்சுமொழி விஷயமும் இதோடு சேர்ந்தது. "வந்தாங்க" என்று பேசுகிறவருக்குப் புத்தகத்தில் "வந்தார்கள்" என்று இருந்தால், எழுத்தைக் கூட்டிப் படித்து முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று உறைக்காது. முதல் இரண்டு மாதம் அவர்கள் சொல்வதையே பலகையில் எழுதுங்கள். "எங்க தெருவுல தண்ணி வரல." அதைப் படிக்கட்டும். பிறகு அதற்குக் கீழேயே எழுத்துவழக்கில் எழுதிக் காட்டுங்கள். ஒரு வரி போதும், விளக்கம் வேண்டாம்.

இனி உங்கள் அம்மா. மறந்துபோனதற்குக் காரணம் அவருடைய ஞாபகசக்தி என்று நினைக்காதீர்கள். படிக்கும் வேகம் ஓர் அளவைத் தாண்டாவிட்டால் படிப்பு நிற்காது. எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவர் வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் நினைவிலிருந்து போயிருக்கும். அர்த்தம் கிடைக்காது. அர்த்தம் கிடைக்காத வேலையை யார் விரும்பிச் செய்வார்கள்? செய்யாததால் வேகம் இன்னும் குறையும். அறிவொளி நடந்தது 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் கீழ்தான். அந்த இயக்கம் இதற்கு ஒரு அளவு வைத்திருந்தது: வாய்விட்டுப் படித்தால் நிமிடத்துக்கு 30 சொல், மனதுக்குள் படித்தால் 35, பார்த்து எழுதினால் 7, சொல்லக் கேட்டு எழுதினால் 5. எண்ணில் 1 முதல் 100 வரை எழுதப் படிக்க, மூன்று இலக்கம் வரை கூட்டக் கழிக்க, வட்டியும் விகிதமும் பற்றித் தோராயமான அறிவு. என்னைக் கேட்டால் 30 சொல் என்பது கரையைத் தொட்ட நிலை, ஏறிய நிலை அல்ல. தமிழில் ஒரு சொல்லே "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்று நீளக்கூடியது.

இன்றைய 200 மணி நேரக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. வாரம் ஐந்து நாள், ஒன்றரை மணி நேரம் என்றால் 27 வாரத்தில் 200 மணி நேர வகுப்பு நடந்துவிடும். ஆனால் நடவு, அறுப்பு, கோயில் திருவிழா, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் பத்து நாளில் ஆறு நாள் வந்தால் அவருக்குக் கிடைப்பது 120 மணி நேரம். அவருக்கு முழு 200 சேர வேண்டுமானால் நீங்கள் 330 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு நடத்த வேண்டும். ஆகவே மையத்தின் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்து "பாடம் முடிந்தது" என்று முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக மணிக்கணக்கு வையுங்கள். பின்தங்கியவர் என்று நீங்கள் நினைப்பவர் பெரும்பாலும் நேரம் குறைவாகக் கிடைத்தவராக இருப்பார்.

ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நேற்றைய சொற்களை வேகமாகப் படிக்கப் பத்து நிமிடம், புதிய வாசிப்பு இருபத்தைந்து, எழுத்து இருபது, எண் இருபது. கடைசிப் பதினைந்து நிமிடம் நீங்கள் அன்றைய செய்தித்தாளிலிருந்து ஒன்றை வாசித்துக் காட்டுங்கள். நேரம் போதாத நாளில் எல்லோரும் முதலில் வெட்டுவது இந்தக் கடைசிப் பதினைந்தைத்தான். வெட்ட வேண்டியது எழுத்துப் பயிற்சியை. பார்த்து எழுதுவதைக் கொஞ்சம் வீட்டிலும் செய்யலாம், வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் கிடையாது.

எண்ணில் வேறு மாதிரிச் சிக்கல். உங்கள் வகுப்பில் உள்ளவர்கள் மனக்கணக்கில் உங்களைவிட வேகமாக இருப்பார்கள். கூலிக்கணக்கில் யாராலும் அவர்களை ஏமாற்ற முடியாது. தடுமாறுவது எழுதும்போதுதான். "நூற்றைந்து" எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவார்கள். நூறை 100 என்று எழுதி, பக்கத்தில் 5 போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள். தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, தொண்ணூறில் நூறு கேட்கிறது, அங்கேயும் இலக்கம் கூடிப்போகும். பலகையில் மூன்று கட்டம் போட்டு நூறு ரூபாய் நோட்டு, பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய் நாணயம் என்று வைத்துக் காட்டுங்கள். நடுக்கட்டத்தில் நோட்டு இல்லாவிட்டால் அங்கே சுழி. ஒரு வாரத்தில் சரியாகிவிடும். எண்ணைச் சொல்லக் கேட்டு எழுதப் பழக்க, பிள்ளைகளின் போன் நம்பர்தான் நல்ல பாடம்: பத்து இலக்கம், தப்பானால் வேறு யாரோ எடுப்பார்கள்.

இங்கேதான் பாட்டியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நல்ல கேள்வி அது. அறிவொளிக் காலத்தில் "கைநாட்டு ஒழிப்பு" என்பதே பெரிய கோஷம். முப்பது வருஷத்தில் அரசே எல்லா இடத்திலும் விரல் வைக்கச் சொல்லிவிட்டது. கையெழுத்தைக் காட்டி ஆளைக் கூப்பிட்ட காலம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

ஆனால் விரல் வைத்தால் மிஷினுக்குத் தெரிவது "இது இன்னார்" என்பது மட்டும். எவ்வளவு எடுத்தார் என்பதைப் பொத்தானை அழுத்துகிற ஆள்தான் பதிகிறார். வங்கி முகவர் சின்ன மிஷினோடு ஊருக்கு வருகிறார், பாட்டி விரல் வைக்கிறார், கையில் 1000 ரூபாய் வருகிறது. மிஷினில் பதிந்தது 1000தானா 1500ஆ? பதில் அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கிறது. அதில் தேதி, எடுத்த தொகை, மீதி இருப்பு மூன்றையும் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். ரேஷன் கடை ரசீதிலும் அதேதான்: அரிசி எத்தனை கிலோ, சர்க்கரை எத்தனை, பாமாயில் போட்டிருக்கிறதா. வாங்காத பொருளுக்கு வாங்கியதாகப் போன் செய்தி வந்தால் அதையும் படிக்க வேண்டும்.

எனவே அடுத்த வாரம் பாடப்புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எல்லோரையும் பழைய சீட்டு, பாஸ்புக், மின்கட்டண அட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பாஸ்புக் பக்கத்தைக் கரும்பலகையில் பெரிதாக வரையுங்கள். தலைப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதைப் படிக்க வேண்டியதில்லை. இடம் தெரிந்தால் போதும். தேதி இடது ஓரம், இருப்பு பெரும்பாலும் வலது ஓரக் கட்டம், நடுவில் பணம் போனது ஒரு கட்டம், வந்தது ஒரு கட்டம். முந்தின வரியின் இருப்பில் வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்து, அடுத்த வரி சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண் பாடம் முழுக்க அதிலேயே முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஒருவருடைய இருப்பை வகுப்பில் சத்தமாகப் படிக்க விடாதீர்கள். ஊருக்குள் அது வேறு வம்பு.

ஆள் குறைவதற்கு இன்னொரு காரணம் கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். படித்தவர் என்றால் உடனே கண்ணாடி வாங்குவார். படிக்காதவருக்கு அது வந்ததே தெரியாது, தெரிய வேண்டிய வேலை வந்ததில்லை. வகுப்புக்கு வந்து "எனக்கு மண்டையில ஏறல" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார். ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா, அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா என்று கேளுங்கள். புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். 45 வயதில் ப்ளஸ் 1 பவரிலும், 60ஐ நெருங்கும்போது ப்ளஸ் 2.5 வரையிலும் கண்ணாடி தேவைப்படும். அரசு மருத்துவமனைக் கண் முகாம் எப்போது என்று விசாரித்து ஒரே நாளில் எல்லோரையும் கூட்டிப்போங்கள். கேரளத்தின் எர்ணாகுளத்தில் 1989இல் நடந்த எழுத்தறிவு இயக்கத்தில் இதைக் கண்டுகொண்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி வரும்வரை பலகை எழுத்து இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. வகுப்பறையின் ஒற்றை பல்பு அவர்கள் முதுகுக்குப் பின்னால் எரிந்தால் நோட்டில் அவர்கள் நிழலேதான் விழும்.

ஆறு மணி என்பது யார் முடிவு செய்த நேரம்? அந்த நேரத்தில்தான் தண்ணீர் வரும், அடுப்பு பற்றவைப்பார்கள், மாடு கறப்பார்கள். வராமல் போன பதினொரு பேர் வீட்டுக்கும் போய் "ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள், "எப்போது என்றால் வரமுடியும்" என்று கேளுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் வேலைத்தளத்தில் மதிய ஓய்வு நேரம் கிடைக்கும். தமிழ்நாட்டில் பல இடங்களில் அப்படி நடக்கிறது. இரண்டு இடத்தில் இரண்டு நேரத்தில் பத்துப் பத்துப் பேராக நடத்தினால் உங்களுக்கு அலைச்சல், ஆனால் ஆள் நிற்பார்கள். அறிவொளியின் கணக்கும் ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர்தான்.

இடத்தையும் பாருங்கள். வராமல் போன பதினொரு பேரில் எத்தனை பேர் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள்? பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்து, வரவேண்டியவர்கள் காலனியில் இருந்தால், இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருக்களைக் கடந்து திரும்பிப் போவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். அதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள், "வேலை இருக்கு" என்றுதான் சொல்வார்கள். வகுப்பை அங்கே கொண்டுபோங்கள். யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை போதும்.

முதல் நாளே எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்ததும் தவறான தொடக்கம். மூன்றாம் வகுப்பு வரை போய் நின்றவர் ஒரு மாதத்தில் படித்துவிடுவார், பள்ளிப் பக்கமே போகாதவர் அவரைப் பார்த்துக் கூசிப்போவார். பிரித்துவிடுங்கள். வேகமாகப் போகிறவரை உங்களுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாம்.

இனி, எல்லாம் கணக்குக் காட்டத்தானா என்ற கேள்வி.

இந்தியாவில் இது பல முறை நடந்த முயற்சி. 1978 அக்டோபர் 2இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் வந்தது. ஒரு மையத்துக்கு 30 பேர், ஆசிரியருக்கு மாதம் 50 ரூபாய், ஐந்தே ஆண்டில் 10 கோடிப் பேர் என்று இலக்கு. மையங்கள் காகிதத்தில் பெருகின, மண்ணெண்ணெயும் புத்தகமும் நேரத்துக்கு வரவில்லை. 1988 மே 5இல் தேசிய எழுத்தறிவு இயக்கம். அது மையம் மையமாக நடத்துவதை விட்டுவிட்டு மாவட்டம் முழுவதையும் ஒரே வீச்சில் எடுத்தது. சம்பளம் கிடையாது, தொண்டர்கள். எர்ணாகுளம் 1990 பிப்ரவரி 4இல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18இல் கேரளம். நம் பக்கம் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. வகுப்புக்கும் சந்தைக்கும் வேலைக்கும் போக இன்னொருவரை எதிர்பார்க்காத பெண்கள் உருவானார்கள். கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்கள் குத்தகைக்கு எடுத்ததும் அதே அலையில்தான். ஆந்திரத்தின் நெல்லூரில் புதிதாகப் படித்தவர்களுக்கான புத்தகத்தில் சாராயத்தைப் பற்றிய ஒரு பாடம் இருந்தது. அந்த மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில் பெண்கள் படித்துவிட்டு நேராகக் கடையை மூடப் போனார்கள். 1993 அக்டோபர் 1இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்யும் வரை அது போனது.

பிறகு ஏன் உங்கள் அம்மாவுக்கு மறந்தது? அது திட்டத்தின் கட்டமைப்பிலேயே இருந்த குறை. முதல் கட்டத்துக்கு ஒரு நிதி ஒப்புதல், படித்தபின் தொடர்கல்விக்கு வேறொரு ஒப்புதல். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழுந்தது. அதற்குள் ஆட்சியர் மாறியிருப்பார், தொண்டர் கல்யாணமாகிப் போயிருப்பார். நிமிடத்துக்கு 20 சொல் படித்துக்கொண்டிருந்தவர் கையில் அந்த மாதங்களில் படிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

2009 செப்டம்பர் 8இல் வந்த சாக்ஷர் பாரத் திட்டம் இதைச் சரிசெய்யப் பார்த்தது. பெண்களின் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களை எடுத்து, ஊராட்சிக்கு ஒரு நிலையான மையம், அதை நடத்த இரண்டு பிரேரக் (ஊக்குநர்), ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்தது. செய்தித்தாளும் புத்தகமும் இருக்கும் ஓர் இடம் ஊரில் நிரந்தரமாக இருக்கும் என்பது சரியான யோசனை. 2018 மார்ச்சோடு அதை நிறுத்தினார்கள், மையங்களும் போயின.

இப்போது நீங்கள் இருப்பது 2022 முதல் 2027 வரையிலான திட்டம், தேசிய அளவில் உல்லாஸ் என்று பெயர். மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி, இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், ஒருவருக்கு 208 ரூபாய்கூட வரவில்லை. 200 மணி நேரப் படிப்புக்கு மணிக்கு ஒரு ரூபாய். உங்கள் வகுப்புக்குச் சாக்பீஸ்கூட வராவிட்டால் அதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 25.76 கோடி, அதில் பெண்கள் 16.68 கோடி. 2009 முதல் 2018 வரை சாக்ஷர் பாரத்தில் சான்றிதழ் பெற்றவர்கள் 7.64 கோடி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மீதி 18.12 கோடி என்று இன்றைய திட்டம் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் 2011க்கு முன்பே சான்றிதழ் வாங்கியவர் கணக்கெடுப்பிலேயே படித்தவர் பக்கம் போயிருக்க வேண்டும். அவரை மறுபடியும் கழிக்கிறார்கள். இடையில் இறந்தவர், புதிதாக 15 வயதானவர், மறந்துபோனவர் யாருமே கணக்கில் இல்லை. கணக்கெடுப்பின் எண்ணும் சோதித்து வந்ததல்ல. வீட்டில் ஒருவர் "தெரியும்" என்று சொன்னால் தெரியும். 1951இல் 18.33 சதவீதமாக இருந்தது 2011இல் 73ஐத் தொட்டதில் பெரும்பங்கு குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்ததால் வந்தது. முதியோர் வகுப்பின் பங்கு அதில் சிறியது.

தேர்வு விஷயம்: மொத்தம் 150 மதிப்பெண். வாசிப்பு, எழுத்து, எண் ஒவ்வொன்றுக்கும் 50. ஒவ்வொன்றிலும் 33 சதவீதம், அதாவது 17 எடுத்தால் தேர்ச்சி. தொண்ணூறுகளில் ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 70 வேண்டும் என்று இருந்தது. தளர்த்தியிருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அறுபது வயதில் முதல் முறையாகத் தேர்வு எழுதுகிறவரைத் தோற்கடித்து எதைச் சாதிக்கப் போகிறோம்? சான்றிதழைக் கொடுக்கட்டும், பாட்டி ஃபிரேம் போட்டு மாட்டட்டும். என் சண்டை அதோடு இல்லை. 95 சதவீதம் எட்டினால் முழு எழுத்தறிவு மாநிலம் என்று அறிவிக்கலாம் என 2024இல் விதி வந்தது. அதே ஆண்டு லடாக், 2025 மே மாதத்தில் மிசோரம், கோவா என்று அறிவிப்புகள் வந்தன. அறிவிப்பு வந்த பிறகு அந்த ஊரில் வகுப்பு நடத்த யார் பணம் கொடுப்பார்கள்?

எனவே உங்கள் அளவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பார்த்திராத 60 சொல் பத்தி ஒன்று, பேச்சுக்கு நெருக்கமான மொழியில். கடிகாரத்தைப் பார்த்துத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள், கூட்டத்தின் முன்னால் வேண்டாம். இரண்டு நிமிடத்தில் முடித்து, மூன்று கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால் 30 சொல் வேகம் வந்துவிட்டது. தேர்வு முடிந்து ஆறு மாதம் கழித்து வேறொரு பத்தியை வைத்து மறுபடி பாருங்கள். அந்த இரண்டாவது எண்தான் உங்கள் வகுப்பின் உண்மையான மதிப்பெண்.

அந்த ஆறு மாதத்துக்கு நூலகமே தேவையில்லை. வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் கூடினால் போதும். நாளிதழில் தலைப்பும் அதன் கீழ் முதல் பத்தியும், ராசிபலன், விலைவாசிப் பட்டியல், கிராமசபைத் தீர்மானத்தின் நகல். ராசிபலனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். தினமும் வரும், அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், படிப்பவருக்கு அது தன்னைப் பற்றியது. வேகம் கூட இதைவிட நல்ல பாடம் யாரும் எழுதியதில்லை. இந்தப் பட்டியலில் உங்கள் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை படித்தவருக்குத் திரும்ப வர அவ்வளவு நாள் ஆகாது, ட, ப, மவிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை.

மேலே படிக்க ஆசைப்படுகிறவர் ஒன்பது பேரில் ஒருவராவது இருப்பார், வயது குறைந்தவராக இருக்கும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8ஆம் வகுப்புக்கு இணையான மூன்று நிலைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் பள்ளிக்கே போகாதவரும் எழுதலாம். விண்ணப்பம் மாவட்டத்தில் உள்ள சேவை மையம் வழியாக, அறிவிக்கும் தேதிக்குள் போடவேண்டும். பிறந்த தேதிக்குச் சான்று கேட்பார்கள். இந்த வயதுப் பெண்கள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்காது, அதற்கான வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள்.